கத்தரியில் காய்ப்புழு: எந்த வழியை எந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுப்பது

விற்பனைக்காகக் கத்தரி பயிரிடும் உழவர் மருந்துக்கடையில் கேட்கும் முதல் கேள்வி, "காய்ப்புழுவுக்கு என்ன மருந்து நல்லா கேட்கும்?" என்பதாகவே இருக்கிறது. கேள்வி இயல்பானதுதான் என்றாலும், அதற்குக் கிடைக்கும் விடை எதுவாயினும் அது பாதி விடையே. இந்தப் புழுவைப் பொறுத்தவரை மருந்தின் வீரியத்தைவிட மூன்று செய்திகள்தாம் முடிவைத் தீர்மானிக்கின்றன. புழு வெளியே தென்படும் நேரம் எவ்வளவு, ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே எத்தனை நாள், வரப்புக்கு அப்பால் இருக்கும் பக்கத்துக் காட்டில் என்ன நிற்கிறது என்பவையே அவை. தமிழ்நாட்டில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்ற அளவில் கத்தரி வைத்து மண்டிக்கோ உழவர் சந்தைக்கோ அனுப்பும் ஒருவருக்கு முன்னால் உள்ள வழிகளை இந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பூச்சியின் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. தண்டு மற்றும் காய் துளைப்பான் என்று வேளாண் துறை குறிப்பிடும் இந்த அந்துப்பூச்சியின் அறிவியல் பெயர் லூசினோடஸ் ஆர்போனாலிஸ். வெண்மையான இறக்கைகளில் பழுப்புத் திட்டுகள் கொண்ட தாய்ப்பூச்சி இரவில் நடமாடி, இலையின் அடிப்புறத்திலும் குருத்திலும் மொட்டிலும் காயின் காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியிலும் முட்டைகளைப் பெரும்பாலும் தனித்தனியாக இடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து வெளிவரும் புழு, சில மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ துளைத்து நுழைந்து, நுழைந்த ஓட்டையைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்கிறது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரம் உள்ளேயே தின்று வளர்ந்து, முழு வளர்ச்சி அடைந்த பிறகுதான் பெரிய ஓட்டை போட்டு வெளியேறி, உதிர்ந்த சருகிலும் மண்ணிலும் தண்டின் அடியிலும் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. சந்தையில் வாங்குபவர் காயில் காணும் ஓட்டை பெரும்பாலும் புழு வெளியே போன வழியேயன்றி உள்ளே போன வழியன்று. ஓட்டையைப் பார்த்த அன்று மாலையே மருந்து அடிக்கிறவர், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனைத் தேடிக் கதவைத் தட்டுகிறார்.

தெளிப்பு எதுவாயினும், அது இரசாயனமானாலும் வேப்பங்கொட்டைச் சாறானாலும், புழுவைத் தொட்டுக் கொல்வதற்குக் கிடைக்கும் இடைவெளி பொரிந்ததற்கும் துளைத்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரமே என்பதை நினைவில் இருத்திக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு வழியின் பலமும் பலவீனமும் தாமாகவே விளங்கும்.

நாள் குறித்து அடிப்பது

வாரம் ஒரு முறை, பறிப்பு நெருங்கினால் வாரம் இரு முறை என நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பது இன்று மிகப் பரவலாக உள்ள வழி. அதற்கு வலுவான காரணம் உண்டு. முட்டை எப்போது பொரியும் என்று உழவருக்குத் தெரியாது. செடியின் மேல் எப்போதும் மருந்துப் படலம் இருந்தால் பொரிந்த புழு எதுவும் தப்பாது என்பது அவருடைய கணக்கு. செடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் தேடவேண்டியதில்லை என்பதும், ஒரே ஆள் ஒரு காலையில் ஒரு ஏக்கரை முடித்துவிடலாம் என்பதும் இந்த வழியின் உண்மையான கவர்ச்சி. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் இதைக் குறை சொல்வது எளிது. மாற்று சொல்வது கடினம்.

ஆனால் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வங்கதேசத்தின் ஜெசோர் வட்டாரம் சான்றாக நிற்கிறது. அங்கே கத்தரி உழவர்களில் சிலர் ஒரே பருவத்தில் நூறு முறைக்கும் மேல் தெளித்தது கள ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அத்தனை தெளித்தும் புழு ஒழியவில்லை. ஒழியாததால்தான் அத்தனை முறை தெளிக்க நேர்ந்தது. தொடர்ந்து அடிக்கும்போது புழுவின் எதிர்ப்புத்திறன் ஒருபுறம் கூடுகிறது. மறுபுறம், புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளும், சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகளும் முதலில் மடிகின்றன. குறிப்பாகச் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த காட்டில், காய்ப்புழுவோடு வெள்ளை ஈயும், செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் சிறு பேனும் சேர்ந்து பெருகுவதைக் காணலாம். காய்ப்புழுவுக்குச் செலவழிக்கத் தொடங்கியவர் அடுத்த மாதம் சிலந்திக்கும் தனியாகச் செலவழிக்கிறார்.

தேர்ந்த மருந்தைத் தேவைக்கு அடிப்பது

நாட்காட்டியை விட்டுவிட்டுச் சேதத்தைப் பார்த்து, அதற்கென்று பதிவு பெற்ற மருந்தை மட்டும் அடிப்பது இரண்டாவது வழி. இங்கேதான் பறிப்பு இடைவெளி முழு வலிமையோடு உள்ளே வருகிறது. கத்தரியில் காய்ப்பு தொடங்கிவிட்டால் நான்கு நாள் முதல் ஒரு வாரத்துக்கு ஒரு பறிப்பு என்று போகும். அதற்கு மேல் விட்டால் காய் முற்றி விலை போகாது. ஒவ்வொரு மருந்துக்கும், கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே இத்தனை நாள் விடவேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மருந்து வாங்குவதே காயில் மருந்து தங்கிவிடும் பெரும்பாலான எச்சச் சிக்கல்களின் தோற்றுவாய் என்று நான் கருதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, கத்தரிக் காய்ப்புழுவுக்குப் பதிவு பெற்ற இரண்டு மருந்துகளை எடுத்துக்கொள்வோம். குளோரான்டிரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (திரவ வடிவம்) ஹெக்டேருக்கு 200 மி.லி. என்ற அளவில் பரிந்துரைக்கப்படுகிறது. வேலை செய்யும் நாட்களும் அதிகம், நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கும் ஒப்பீட்டளவில் குறைவு. இவற்றை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம் பெறும். ஆனால் கத்தரியில் இதற்கான காத்திருப்புக் காலம் 22 நாள். வாரம் ஒரு பறிப்பு எடுக்கும் உழவர் 22 நாள் காத்திருக்கவேண்டுமென்றால் மூன்று பறிப்பைக் குப்பையில் கொட்டவேண்டும், யாரும் கொட்டுவதில்லை. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (நீரில் கரையும் குருணை) ஹெக்டேருக்கு 200 கிராம். இதன் காத்திருப்புக் காலம் 3 நாள். மருந்தின் தாக்கம் நீடிக்கும் காலம் முன்னதைவிடக் குறைவு என்றாலும், பறித்த அன்று மாலை அடித்தால் அடுத்த பறிப்புக்குள் அந்த 3 நாள் கழிந்துவிடும்.

ஆகவே இவ்விரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கே பொருளில்லை. நட்டதிலிருந்து பூ எடுக்கும் வரை, பறிப்பே இல்லாத காலத்தில், குருத்து வாடல் மிகுந்தால் முதலாவதை ஒரு முறை பயன்படுத்தலாம். காய் பறிக்கத் தொடங்கிய பிறகு அதன் புட்டியை மூடி வைத்துவிட்டு, குறைந்த காத்திருப்புக் காலம் உள்ளதையே எடுக்கவேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் என்று கொண்டால், 10 லிட்டர் டேங்குக்கு முதலாவது 4 மி.லி., இரண்டாவது 4 கிராம் என்று கணக்கு வரும். வாங்கும் புட்டியின் சீட்டில் கத்தரி என்ற பயிரின் பெயர் இருக்கிறதா, காத்திருப்பு எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைக் கடையிலேயே படித்துவிடுவது நல்லது. எழுத்து பொடியாகத்தான் இருக்கும். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் பார்க்கவேண்டும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலம் மிதமானதையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் மூன்று வணிகப் பெயர்களில் மூன்று புட்டிகள் இருக்கும்; உள்ளே இருப்பது ஒரே மருந்தாகவோ ஒரே வகையைச் சேர்ந்த மருந்தாகவோ இருக்கும். "போன தடவை அது அடிச்சேன், இந்தத் தடவை மாத்தி இது அடிக்கிறேன்" என்று உழவர் சொல்லும்போது உண்மையில் பெயரை மட்டுமே மாற்றியிருப்பார். புழுவைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. எதிர்ப்புத்திறன் வளராமல் இருக்கவேண்டுமென்றால் மருந்து செயல்படும் முறையே மாறவேண்டும். எனவே வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வேதிப்பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே வகையை அடுத்தடுத்து இரு முறை அடிக்காமல் இருப்பதே சுழற்சி. இரண்டு மூன்று புட்டிகளை ஒரே டேங்கில் கலந்து அடிப்பது சுழற்சி ஆகாது.

குருத்தைக் கிள்ளுவதும் சொத்தையை அகற்றுவதும்

பேசுவதற்குச் சுவையில்லாத, விளம்பரம் செய்ய யாருக்கும் இலாபமில்லாத வழி இது. ஆனால் இருப்பவற்றில் உறுதியாகப் பலன் தருவது இதுதான் என்பது என் மதிப்பீடு. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம், 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தெற்காசிய நாடுகளின் ஆராய்ச்சி நிறுவனங்களோடு இணைந்து இப்புழுவுக்காக வகுத்த ஒருங்கிணைந்த முறையின் முதுகெலும்பும் இதுவே.

காரணம் எளியது. நட்டு மூன்று நான்கு வாரம் கழித்து, காயே இல்லாத நிலையில், புழுவுக்கு இருக்கும் ஒரே உறைவிடம் இளங்குருத்து. புழு புகுந்த குருத்து தலை தொங்கி வாடிவிடும். பத்தடி தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் வாடிய குருத்தைத் துளை இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்துவிட்டால், காய்ப்புக் காலத்தில் காய்களைத் தாக்கவிருந்த தலைமுறையே வயலிலிருந்து வெளியேறிவிடுகிறது. செடி பக்கக் கிளைகளை விட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் விளைச்சலும் குறைவதில்லை. மேலே சொன்ன சில மணி நேர இடைவெளி இங்கே பொருட்டே இல்லை; புழு ஒளிந்திருக்கும் அந்த இரண்டு வாரம் முழுவதும் நமக்குக் கிடைக்கும் நேரம். தெளிப்புக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அதுதான்.

செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 90-க்கு 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 7,500 செடிகள். சால் பிடித்து நடந்துகொண்டே, தொங்கிய குருத்தை மட்டும் நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால், வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு ஆள் வேலை. பூப்பதற்கு முன் நான்கு வாரம் இதைச் செய்தால் மொத்தம் எட்டு ஆள் கூலி. பருவம் முழுவதும் அடிக்கும் மருந்துக்கும் தெளிப்புக் கூலிக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் தயங்கமாட்டார்கள் என்றுதான் தோன்றும், ஆயினும் தயங்குகிறார்கள். ஏனென்றால் மருந்தைக் கடனுக்கு வாங்கலாம், கூலியை அன்று மாலையே கொடுக்கவேண்டும். இந்த ஒரு வேறுபாடு பல முடிவுகளை வயலுக்கு வெளியே இருந்து தீர்மானித்துவிடுகிறது. குடும்பத்தில் இருவர் காட்டில் நிற்கும் வீட்டில் அந்தத் தடை இல்லை.

கிள்ளிய குருத்தை என்ன செய்கிறோம் என்பது கிள்ளுவதைப் போலவே முக்கியம். வரப்பில் எறிந்தால் உள்ளிருக்கும் முற்றிய புழு வெளியே வந்து சருகில் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். எரிப்பதோ, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுவதோ வேண்டும். சொத்தைக் காய்க்கும் இதுவே விதி. பறிப்பு நாளில் நல்ல காய் ஒரு கூடையில், சொத்தை இன்னொரு பையில் என்று பிரித்து, சொத்தையையும் காட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். பறிக்கும் பெண்கள் சொத்தையைச் செடியடியிலேயே போட்டுவிட்டுப் போவது வழக்கம். அவர்களுக்குக் கூலி நல்ல காய்க்குத்தானே. சொத்தைப் பைக்கும் ஏதாவது தனியாகக் கொடுத்தால் வழக்கம் ஒரே வாரத்தில் மாறும். சொத்தையை மாட்டுக்குப் போடுவோர், கடைசியாக மருந்து அடித்த நாளையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இந்த வழியின் பலவீனம் வரப்புக்கு அப்பால் இருக்கிறது. நம் காட்டைச் சுத்தமாக வைத்திருந்து, பக்கத்துக் காட்டில் சென்ற ஆண்டுக் கத்தரி மறுதாம்பாக, அதாவது வெட்டிவிட்டபின் திரும்பத் துளிர்த்து நின்றால், அந்துப்பூச்சி அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். அடுத்தடுத்துள்ள நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் கிடைக்கும் பலன், தனியொருவர் செய்தால் கிடைப்பதில்லை.

பொறி, அட்டை, வேம்பு

இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றி ஒரு குழப்பம் நீடிக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 12 பொறி, அதாவது ஏக்கருக்கு ஐந்து என்று பரிந்துரைக்கிறது. இந்த அளவு பொறிகள் முதன்மையாகக் காட்டுவது அந்துப்பூச்சியின் நடமாட்டத்தையே. பெண்பூச்சியின் மணத்துக்கு மயங்கி வருபவை ஆண்பூச்சிகள் மட்டுமே என்பதால், பொறியில் பூச்சி நிறைய விழுந்தது என்பதற்காக முட்டையிடல் நின்றுவிட்டது என்று கொள்ளமுடியாது. பொறியாலேயே பூச்சியைக் குறைக்க விரும்பினால் பத்து மீட்டருக்கு ஒன்று, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ நாற்பது வைக்கவேண்டும். அதுவும் பெரிய பரப்பில் பலர் சேர்ந்து வைத்தால்தான் பொருள் உண்டு. ஐந்து பொறி வைத்துவிட்டுப் "பொறி வெச்சும் புழு குறையலை" என்பவர், எண்ணிக்கை காட்டும் கருவியிடம் கொல்லும் வேலையைக் கேட்கிறார்.

கண்காணிப்புக்கான ஐந்து பொறிகள் எளிதில் தள்ளிவிடத் தக்கவையல்ல. விழும் பூச்சி திடீரென்று கூடினால், அடுத்த சில நாட்களில் முட்டை பொரியும் என்று முன்னறியலாம். முன்பு சொன்ன அந்தச் சில மணி நேர இடைவெளி எப்போது திறக்கும் என்பதற்கு உழவர் கையில் உள்ள மலிவான அறிகுறி இதுவே. பொறியைச் செடியின் உச்சியை ஒட்டிய உயரத்தில் கட்டி, செடி வளர வளர உயர்த்திக்கொண்டே வரவேண்டும். மணக்குப்பியை மாதத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும்; மாற்றாத பொறி வெறும் டப்பா.

பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியின் ஒட்டுண்ணி அட்டை இன்னொரு வழி. ஒரு சி.சி. (கன செ.மீ.) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 ஒட்டுண்ணிகள் இருக்கும்; ஏக்கருக்கு ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு அட்டையைத் துண்டுகளாக வெட்டி, மாலையில் இலையின் அடிப்புறத்தில் பரவலாகக் கட்டி, வாரந்தோறும் திரும்பச் செய்யவேண்டும். புழு பிறப்பதற்கு முன்பே முட்டையிலேயே வேலை முடிகிறது என்பது இதன் சிறப்பு. எனினும் கத்தரியில் அந்துப்பூச்சி முட்டைகளைத் தனித்தனியாகச் சிதறி இடுவதால், குவியலாக முட்டையிடும் பூச்சிகளில் எதிர்பார்க்கும் அளவு பலனை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. அட்டை கட்டிய வாரத்தில் பைரித்ராய்டு அடித்தால் அட்டைக்குக் கொடுத்த பணம் வீண். ஆகவே நாள் குறித்து மருந்து அடிப்பவருக்கு இவ்வழி பொருந்தாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கமுடியும். மருந்து அடிப்பதைக் குறைத்த காட்டில், காசு கொடுக்காமலே திராதலா என்ற குளவி வந்து புழுக்களை ஒட்டி அழிப்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதக் கரைசலுக்கு, நூறு லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கவேண்டும். வெயிலில் இதன் வீரியம் விரைவில் சிதைவதால் மாலையில் அடிப்பதே முறை. காய்க்குள் புகுந்த புழுவை இது ஒன்றும் செய்யாது. முட்டையிட வரும் தாய்ப்பூச்சியைத் தயங்கவைப்பதும், கூடவே வெள்ளை ஈயையும் தத்துப்பூச்சியையும் அடக்கிவைப்பதும் இதன் வேலை. வேம்பு உள்ள ஊரில் ஆனி, ஆடியில் விழும் கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்துக்கொள்வோருக்கு இது மலிவு. கடையில் புட்டியாக வாங்குவோருக்கு அவ்வளவு மலிவன்று.

வலையும் விதையும்

நாற்றங்காலை அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண் உள்ள நைலான் வலையால் மூடுவது எல்லாருக்கும் கட்டுப்படியாகும். சிறு பரப்பு, ஒரு மாதம், திரும்பத் திரும்பப் பயன்படும் வலை. முழுக் காட்டையும் வலைக்குடிலுக்குள் கொண்டுவருவது வேறு கணக்கு. புழு நுழையாது என்பது உண்மைதான். ஆனால் கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் மட்டும் துளை உள்ளது. வண்டோ தேனீயோ வந்து அதிரவைத்தால் மகரந்தம் நன்கு கொட்டும். வலைக்குள் அந்த உதவி குறைகிறது. முதலீட்டை ஈடுகட்டும் விலை கத்தரிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை என்பதால், விற்பனைக் கத்தரிக்கு முழு வலைக்குடிலை நான் பரிந்துரைக்கமாட்டேன். விதை உற்பத்திக்கும் உயர் விலை ஒப்பந்தத்துக்கும் வேண்டுமானால் பார்க்கலாம்.

புழுவைக் கொல்லும் மரபணுவைப் புகுத்திய பி.டி. கத்தரியைப் பற்றியும் கேட்பார்கள். புழுவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அதற்கு இணையான வழி வேறில்லை. கிரை1ஏசி என்ற மரபணு செடியின் உள்ளேயே இருப்பதால், துளைத்து நுழைந்த புழு தின்றதும் மடிகிறது. தெளிப்புக்கு எட்டாத இடம் என்பதே அங்கே இல்லை. இந்தியாவில் 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு இசைவு தந்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013 அக்டோபரில் ஒப்புதல் அளித்து, 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. அங்கே காய்ப்புழுத் தாக்குதல் பெரிதும் குறைந்தது. ஆனால் வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, சிலந்தி, வாடல் எதையும் அந்த மரபணு தடுக்காது என்பதால் தெளிப்பு முற்றிலும் நிற்கவில்லை. 2019-இல் அரியானாவின் பத்தேகாபாத் மாவட்டத்தில் அனுமதியில்லாமல் பயிரிட்ட பி.டி. கத்தரி கண்டறியப்பட்டு அழிக்கப்பட்டது. இந்தியாவில் ஒப்புதல் இல்லாத விதையை விதைப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, என்ன விதை என்று யாரும் பொறுப்பேற்காத பொட்டலத்தை நம்பி ஒரு பருவத்தைப் பணயம் வைப்பதுமாகும். அரசியலும் அறிவியலும் இதில் எந்தப் பக்கம் நின்றாலும், இன்று தமிழ்நாட்டு உழவரின் தேர்வுப் பட்டியலில் இது இல்லை.

சாதாரண இரகங்களில் புழுவை முழுமையாகத் தாங்கும் கத்தரி கிடையாது. நீண்டு மெலிந்த காய் உடையவை சற்றுக் குறைவாகத் தாக்கப்படுகின்றன. ஆனால் இரகத்தைப் புழு தீர்மானிப்பதில்லை, சந்தைதான் தீர்மானிக்கிறது. வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்க, அங்குள்ள உழவரிடம் நீளக் காய் வையுங்கள் என்று சொல்வது வெறும் பேச்சு.

நடுவதற்கு முன்பே எடுக்கவேண்டிய முடிவுகள்

நோய்களைப் பொறுத்தவரை தேர்வு இன்னும் குறுகலானது. நட்டபின் செய்யக்கூடியது கொஞ்சமே. பச்சையாக நின்ற செடி ஓரிரு நாளில் அப்படியே வாடினால், தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்திப் பார்க்கலாம். பால் போன்ற வெண்ணிழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த நிலத்தில் மருந்து ஊற்றிக் காப்பாற்ற முயல்வது பெரும்பாலும் வீண்செலவு. அடுத்த முறை சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய கத்தரி நாற்றை நடுவதும், தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் அந்த நிலத்தில் சுழற்றாமல் நெல்லோ சோளமோ வைப்பதும் ஆகிய இரண்டுமே உண்மையான வழிகள். ஒட்டு நாற்றின் விலை சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு என்றாலும், வாடல் உள்ள நிலத்தில் அதைச் செலவென்று பார்க்காமல் வாடகை என்று பார்க்கவேண்டும். வாடல் இல்லாத நிலத்தில் அது தேவையற்றது. நூற்புழு உள்ள மண்ணிலும் சுண்டை வேர் உதவுகிறது.

இலைகள் சிறுத்துக் கொத்தாகிக் காயே பிடிக்காமல் நிற்கும் சிற்றிலை நோய்க்கு மருந்து கிடையாது. தத்துப்பூச்சி பரப்பும், பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா போன்ற நுண்ணுயிரால் வரும் நோய் அது. கண்டவுடன் பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி. "பூக்குமோ என்று பார்ப்போம்" என்று விட்ட ஒவ்வொரு செடியும் மற்றவற்றுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

யாருக்கு எது

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வழிகளுக்கிடையே நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதைவிட, யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வதே நேர்மை. ஒரு ஏக்கருக்குள் வைத்து, வீட்டார் இருவர் காட்டில் நிற்கக்கூடியவர், நட்ட நான்காம் வாரத்திலிருந்து குருத்துக் கிள்ளல், ஏக்கருக்கு ஐந்து பொறி, வேப்பங்கொட்டைச் சாறு என்று தொடங்கி, பறித்த காயில் சொத்தையை ஒவ்வொரு பறிப்புக்கும் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஐந்துக்குள் நின்றால் அவர் இரசாயனத்தைத் தொடத் தேவையில்லை. அது இரண்டு பறிப்புத் தொடர்ந்து கூடினால், பறித்த மாலையில் குறைந்த காத்திருப்புக் காலம் உள்ள மருந்தை ஒரு முறை அடித்துவிட்டு மறுபடியும் எண்ணவேண்டும். உழவர் சந்தையில் வாடிக்கையாளரை நேரில் பார்த்து விற்பவருக்கு இவ்வழி கூடுதலாகப் பொருந்தும். சிறு ஓட்டையுள்ள காயைக் குறைந்த விலைக்காவது தள்ளிவிட அங்கே இடமுண்டு, மண்டியில் இல்லை.

மூன்று நான்கு ஏக்கர் வைத்து முழுக்கக் கூலியாளை நம்பியிருப்பவர், எல்லாக் குருத்தையும் கிள்ளிவிடமுடியும் என்று எண்ணவேண்டாம். அவருக்குக் கூலியை எங்கே போட்டால் பலன் மிகுதி என்பதே கேள்வி. பூப்பதற்கு முந்தைய நான்கு வாரத்தில் போட்டால் மிகுதி. அதன்பின் பொறி காட்டும் எழுச்சியைப் பார்த்து, இரண்டு வெவ்வேறு வகை மருந்துகளை மாற்றி மாற்றி அடித்துக்கொள்ளலாம். வாரந்தோறும் அடித்தவர் பொறியின் எண்ணிக்கை ஏறும்போது மட்டும் அடிக்கத் தொடங்கினாலே தெளிப்புகள் கணிசமாகக் குறையும்.

சுற்றிலும் பழைய கத்தரி நிற்கும் இடத்தில் புதிதாக நடுபவரின் நிலைமைதான் கடினம். கிள்ளினாலும் பொறி வைத்தாலும் வரவு நிற்காது. அங்கே முதல் செலவைப் பக்கத்துக் காட்டுக்காரருடன் பேசுவதில் செலுத்தவேண்டும். பேச்சு பலிக்கவில்லையென்றால் அந்தப் பருவம் வெண்டையோ அவரையோ வைத்துவிட்டு, கத்தரியை அடுத்த பருவத்துக்குத் தள்ளுவது மருந்துக் கடனைவிட மலிவாக முடியும்.

கடைசியாக ஒரு முடிவு பயிர் முடியும்போது காத்திருக்கிறது. அதைப் பெரும்பாலோர் முடிவென்றே கருதுவதில்லை. விலை விழுந்ததும் செடியை அப்படியே விட்டுவிடலாம், கவாத்து செய்து மறுதாம்பு விடலாம், பிடுங்கி எரிக்கலாம். மறுதாம்பு விடுவதானால் வெட்டிய கிளைகளையும் செடியடிச் சருகையும் அன்றே கூட்டி எரித்துவிட்டு, துளிர்க்கும் புதுக் குருத்துகளுக்கு நான்கு வாரக் கிள்ளலை முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் மறுதாம்பு வேண்டாம். பிடுங்கிய கத்தரி மாரை (காய்ந்த செடித்தண்டுகளை) விறகுக்கென்று வரப்பில் அடுக்கிவைப்பது ஊர் வழக்கம். அந்தக் குவியலில் உள்ள கூட்டுப்புழுக்களிலிருந்து பல வாரம் அந்துப்பூச்சி வெளிவந்துகொண்டிருக்கும். விறகு தேவையென்றால், புதிய நாற்று நடுவதற்கு முன்பே அதை எரித்துத் தீர்த்துவிடவேண்டும், அல்லது வலை போட்டு இறுக மூடிவைக்கவேண்டும்.